தாத்தாவின் வயல் எந்தத் தாளில்? பர்மாவின் பழைய ஓரங்குல வரைபடத்தைப் படிக்கும் வழி

பர்மாத் தமிழர் வீடுகளில் ஏதோ ஒரு வயலைப் பற்றிய பேச்சு எப்படியும் இருக்கும். ‘பெகுவுக்குக் கிழக்கே, கால்வாய்க் கரை ஓரம்’, ‘மோல்மேனிலிருந்து படகில் போகணும்’, ‘ரயிலை விட்டு இறங்கி மாட்டு வண்டியில் அரை நாள்’. 1942இல் காட்டு வழியே நடந்து போனவர்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு உண்டு. 1960களில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறியவர்கள் வீட்டிலும் உண்டு. இங்கே பர்மாவிலேயே தங்கிவிட்ட எங்கள் வீடுகளிலும் உண்டு. ஊர்ப்பெயர் பாதி மறந்திருக்கும், ஆனால் ஆறு எந்தப் பக்கம் ஓடியது என்பது மறந்திருக்காது.

அந்த நினைவைத் தரையில் பொருத்திப் பார்க்க நம் கையில் இருக்கும் மிக நல்ல சாதனம் பிரிட்டிஷ் காலத்து டோப்போ மேப். இப்போது அதன் பல தாள்கள் கணினியிலேயே பார்க்கக் கிடைக்கின்றன. ஆசையாகத் திறக்கிறவர்கள் கண்ணில் படுவது ஒரு பெரிய மஞ்சள் பரப்பு, வளைந்து நெளியும் நீலக் கோடுகள், பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் பர்மியப் பெயர்கள். இதில் ஒன்றும் இல்லை என்று மூடிவிடுகிறார்கள். உண்மையில் அந்த மஞ்சள் பரப்பில் நிறைய இருக்கிறது. அதைப் பார்க்கத் தெரிந்துகொள்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், டோப்போ மேப் என்றால் என்ன? பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் படம் நாடு, மாவட்டம், தலைநகர் என்று காட்டும். சாலைப் படம் வண்டி போகும் வழியைக் காட்டும். டோப்போ மேப் நிலத்தையே காட்டுகிறது. மேடு எங்கே, பள்ளம் எங்கே, தண்ணீர் எந்த வழியாக வந்து எந்த வழியாக வடிகிறது, எது காடு, எது பயிர் நிலம், குடியிருப்பு எங்கே, வண்டித்தடம் எங்கே, கிணறும் பகோடாவும் எங்கே, எல்லாமே அளந்து, ஒரே அளவில் சுருக்கி வரையப்பட்டவை. சர்வே ஆப் இந்தியா என்ற அரசுத் துறை 1767இல் தொடங்கியது. 1937இல் பர்மா தனியாகப் பிரியும் வரை இங்கேயும் அளந்தது அந்தத் துறைதான். மேமியோவில் அதற்கு அலுவலகம் இருந்தது. அளவையாளர்கள் மழைவிட்ட பிறகு, பனிக்காலத்திலும் கோடையிலும், மூன்று கால் பலகையில் தாளை விரித்து, தூரத்து மலையுச்சிகளையும் பகோடா முனைகளையும் குறிபார்த்து அங்கேயே நின்று வரைந்தார்கள். ஆகவே படத்தில் நீங்கள் காண்பது வறண்ட காலத்து நிலம். ஆடி, ஆவணியில் இடுப்பளவு தண்ணீர் நின்ற இடம்கூடப் படத்தில் வெறும் மஞ்சளாக இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தாள்களின் அளவு ஓரங்குலத்துக்கு ஒரு மைல். ஒரு மைலில் 63,360 அங்குலம் இருப்பதால் ஓரத்தில் 1:63,360 என்று போட்டிருக்கும். இந்த அளவில் எது தெரியும், எது தெரியாது என்பதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். ஒரு சதுர மைல் 640 ஏக்கர், அது படத்தில் ஒரு சதுர அங்குலம். அப்படியென்றால் பத்து ஏக்கர் வயல் படத்தில் பக்கத்துக்கு அரைக்கால் அங்குலம், கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர், உள்ள சின்னச் சதுரம். சுண்டுவிரல் நகத்துக்குள் நாலைந்து குடும்பத்தின் நிலம் அடங்கிவிடும். வரப்பு, நாற்றங்கால், களம் இவையெல்லாம் இந்த அளவில் வராது. ‘எங்கள் வயலைக் காணோமே’ என்று யாரும் மனம் தளர வேண்டாம். இந்தப் படத்தில் தேட வேண்டியது வயலை அல்ல, வயல் இருந்த இடத்தை.

சரி, எந்தத் தாளை எடுப்பது? இங்கேதான் பலரும் நின்றுவிடுகிறார்கள். 94 எச்/11 என்பதுபோன்ற எண்கள் மிரட்டும். ஆனால் அது ஒரு முகவரி, அவ்வளவுதான். இன்று மாவ்லமைன் எனப்படும் மோல்மேனை வைத்தே பார்ப்போம். மோல்மேன் 16 பாகை 29 கலை வட அட்சத்தில், 97 பாகை 38 கலை கிழக்கு நெடுங்கோட்டில் இருக்கிறது. பாகையை டிகிரி என்றும் கலையை நிமிடம் என்றும் வைத்துக்கொள்ளலாம். முதலில் நாட்டை நாலு டிகிரிக்கு நாலு டிகிரி பெரிய கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். நெடுங்கோடு 96 முதல் 100 வரையும், அட்சம் 16 முதல் 20 வரையும் உள்ள கட்டம் 94. அதற்குள் ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி என்று 16 கட்டங்கள், அவற்றுக்கு 16 ஆங்கில எழுத்துகள். எழுத்துகளைப் பக்கவாட்டில் படிக்கக் கூடாது, மேலிருந்து கீழே படிக்க வேண்டும். மேற்கு ஓரத்து வரிசையில் ஏ, பி, சி, டி என்று கீழிறங்கி, அடுத்த வரிசையின் உச்சியில் இ தொடங்கும். மோல்மேனின் நெடுங்கோடு 97க்கும் 98க்கும் இடையே, அதாவது இரண்டாவது வரிசை. அட்சம் 16க்கும் 17க்கும் இடையே, அதாவது அடிக்கட்டம். எனவே எச். இந்த எச் கட்டத்தையும் அதே மாதிரி 15 நிமிடத் துண்டுகளாக 16 ஆக்கி, மேலிருந்து கீழே எண் போட்டிருக்கிறார்கள். 38 நிமிடம் என்பது மூன்றாவது வரிசை, 29 நிமிடம் என்பது மேலிருந்து மூன்றாவது இடம். முதல் இரண்டு வரிசையில் எட்டுத் தாள்கள் போய்விட்டன, அடுத்து மூன்று, ஆக 11.

இதே வழியில் தட்டோன் 94 எச்/5, பெகு 94 சி/7, ரங்கூன் நகர மையம் 94 டி/1. நெடுங்கோடு 96க்கு மேற்கே ஐராவதி டெல்டாப் பக்கம் போனால் 85 என்ற பெரிய கட்டம். இன்றைய கைப்பேசி வரைபடத்தில் ஏதாவது ஓர் இடத்தை அழுத்திப் பிடித்தால் அட்சமும் நெடுங்கோடும் வந்துவிடும். அவற்றை வைத்துத் தாளின் எண்ணை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். ஒரு தாள் ஏறக்குறைய 17 மைலுக்கு 17 மைல் இடத்தைக் காட்டும். ஊர் தாளின் விளிம்பில் இருந்தால் பக்கத்துத் தாளையும் எடுத்துவிடுங்கள். மோல்மேனே அப்படித்தான். ஆற்றின் அக்கரையில் கண்ணெதிரே தெரியும் மார்த்தபான் 94 எச்/10இல் இருக்கிறது.

இனி நிறங்கள். 1905க்குப் பிறகு சர்வே ஆப் இந்தியா பல வண்ணப் புதுத் தாள்களுக்கு மாறியது. மஞ்சள் பயிர் நிலம், பச்சை மரமும் காடும், நீலம் தண்ணீர், பழுப்பு நிலத்தின் உயரம், சிவப்பு சாலையும் குடியிருப்பும், கறுப்பு எழுத்தும் ரயில் பாதையும் எல்லைகளும். பழுப்புக் கோடுகளைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை எல்லாம் சேர்த்து இழுத்த கோடு அது, சம உயரக் கோடு. கடல் மட்டத்திலிருந்து 50 அடி, 100 அடி, 150 அடி என்று ஐம்பது ஐம்பதாக ஏறும். கோடுகள் நெருங்கி இருந்தால் சரிவு செங்குத்து, விலகி இருந்தால் சரிவு மெல்ல ஏறுகிறது என்று பொருள்.

94 எச்/11இல் இதை நன்றாகப் பார்க்கலாம். மோல்மேன் ஊருக்கு நடுவே ஒரு மலைத்தொடர் வடக்குத் தெற்காக நிற்கிறது. சைக்தன்லான் பகோடா அதன் மேல்தான். பழுப்புக் கோடுகள் அங்கே நெருங்கிக் கிடக்கும். மேற்கே சால்வின் ஆறு கடந்தால் பிலுக்யூன் தீவு. அந்தத் தீவின் நடுவிலும் முதுகெலும்பாக ஒரு குன்றுத்தொடர். அதைச் சுற்றி நாலு பக்கமும் மஞ்சள், நெல் வயல். பழுப்பு முடிந்து மஞ்சள் தொடங்கும் விளிம்பில் ஊர்களைத் தேடுங்கள். வயல் விளையும் தாழ்நிலத்தை வீட்டுக்கு வீணாக்காமல், வெள்ளம் ஏறாத மலையடிவாரத்தில் குடியிருந்து, கீழே இறங்கிப் பயிர் செய்தார்கள். ஒரு படத்தின் இரண்டு நிறம் சந்திக்கும் கோட்டில் ஓர் ஊரின் அன்றாட வாழ்க்கை தெரிகிறது. எனக்கு இந்த வரைபடங்கள்மேல் பிரியம் வந்ததே இந்த மாதிரி இடங்களைப் பார்த்துத்தான். 2017இல் பாலம் திறக்கும் வரை அந்தத் தீவுக்குப் படகில்தான் போக வேண்டும். ‘மோல்மேனிலிருந்து படகில் போகணும்’ என்று உங்கள் பாட்டி சொல்லியிருந்தால், முதலில் பார்க்க வேண்டிய இடங்களில் பிலுக்யூனும் ஒன்று.

மலை இருக்கும் தாளைப் படிப்பது சுலபம். கஷ்டமெல்லாம் சமவெளியில்தான். நம்மவர்கள் பெரும்பாலும் உழைத்ததும் அங்கேதான். 1852இல் பெகுப் பகுதியைப் பிரிட்டிஷார் பிடித்தபோது கீழ் பர்மாவின் பெரும்பகுதி சதுப்பும் புல்லும் காடுமாகக் கிடந்தது. 1930களில் அங்கே ஏறக்குறைய ஒரு கோடி ஏக்கரில் நெல் விளைந்தது. இந்த நிலம் பெரும்பாலும் 50 அடிக்கும் கீழே. ஐம்பது அடிக்கு ஒரு கோடு போடும் படத்தில் இந்த நிலத்துக்கு ஒரு கோடுகூட விழாது. அதனால்தான் தாள் வெறிச்சென்று இருக்கிறது. இங்கே பழுப்பை விட்டுவிட்டு நீலத்தைப் படிக்க வேண்டும்.

நீலக் கோடு பாம்பாக நெளிந்தால் அது இயற்கையான ஓடை, பர்மியத்தில் சௌங். ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல நேராக ஓடினால் வெட்டிய கால்வாய். பெகு ஆற்றையும் சிட்டாங் ஆற்றையும் இணைக்கும் கால்வாயும், ரங்கூனிலிருந்து டெல்டாவுக்குப் படகு போக வெட்டிய துவாந்தே கால்வாயும் அப்படித் தெரிபவை. ‘கால்வாய்க் கரை’ என்று வீட்டில் சொல்லிக் கேட்டிருந்தால் தேட வேண்டிய பரப்பு சட்டென்று சுருங்கிவிடும், ஏனென்றால் ஓடைகள் எண்ணற்றவை, வெட்டிய கால்வாய்கள் சில.

ஆற்றை ஒட்டிப் பல் பல்லாகச் சிறு கோடுகள் வைத்து ஒரு வரி ஓடினால் அது வெள்ளத்தடுப்புக் கரை. அதன் பக்கத்தில் சில இடங்களில் 6 அல்லது 8 என்ற எண்ணோடு ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்து சின்னதாக ஒட்டியிருக்கும். அதைக் கடல் மட்டத்திலிருந்து உயரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்து நிலத்திலிருந்து அந்தக் கரை அத்தனை அடி உயரம் என்று அர்த்தம். மண்ணைச் சுமந்து கொட்டி எழுப்பிய உயரம் அது. கரைக்கு உள்ளே இருந்த வயலா, வெளியே இருந்த வயலா என்பது விவசாயக் குடும்பத்துக்கு வாழ்வா சாவா என்ற கேள்வி. உள்ளே இருந்தால் வெள்ளத்துக்குப் பயம் இல்லை, ஆனால் ஆறு கொண்டுவரும் வண்டலும் இல்லை. வெளியே இருந்தால் வண்டல் உண்டு, ஒரு மோசமான மழையில் மொத்தமும் போகும். இந்தக் கரைகளைப் பார்க்காமல் கீழ் பர்மாவின் எந்தத் தாளையும் மூடக் கூடாது என்பேன்.

சமவெளியில் ஊர்கள் வட்டமாக இருக்காது. ஓடையின் இரு கரையிலும் நீளவாக்கில், வால்போலத் தொங்கும். ஒவ்வொரு வெள்ளத்திலும் ஆறு தன் கரையோரம் மண்ணைப் போட்டுப் போட்டுக் கரை மட்டும் சற்று மேடாகியிருக்கும், வீடு கட்ட அதுதான் இடம். அந்த ஊர்களைச் சுற்றிப் பச்சைத் திட்டு தெரியும், மா, பலா, தென்னை. கடல் நீர் ஏறி இறங்கும் ஓடைகளில் நிப்பா பனைக்குத் தனிக் குறி. வயலுக்கு நடுவே ஒற்றை ஒற்றையாகச் சின்னக் கட்டங்கள் இருந்தால் அவை வயல் குடிசைகள். அறுவடைக்கு வந்த நம் ஆட்கள் தங்கியது பெரும்பாலும் அந்த மாதிரி இடங்களில், எனவே ஊர்ப்பெயரே இல்லாத நினைவுகளும் உண்டு. அது நினைவின் குறை ஆகாது.

எழுத்துச் சுருக்கங்களும் உதவும். பி.எஸ். என்றால் காவல் நிலையம், பி.ஓ. என்றால் தபால் நிலையம், டி.பி., ஐ.பி. என்றால் பங்களா, ஆர்.எப். என்றால் காப்புக் காடு. பழைய கடித உறையில் தபால் நிலையத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பி.ஓ. குறி உள்ள ஊர்கள் ஒரு தாளில் கொஞ்சம்தான் இருக்கும், அதைச் சுற்றி ஐந்தாறு மைலுக்குள் நம் ஊர் இருக்க வேண்டும். பகோடாவுக்குத் தனிக் குறி உண்டு. ஆனால் நம் கோவில்களைத் தேடி ஏமாறாதீர்கள். மரத்தடியில் சூலம் நட்டு வைத்த முனீஸ்வரனையோ, ஓலைக் கூரை மாரியம்மனையோ ஓரங்குலப் படத்தில் எதிர்பார்க்க முடியாது. சிரியம் பக்கத்துப் பீலிக்கான் கோவில் பர்மாத் தமிழர் எல்லோருக்கும் தெரியும், ஆனால் சிற்றூர்க் கோவில்களை ஆட்களைக் கேட்டுத்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

பெயர்களில் இரண்டு சிக்கல். ஒன்று, 1989இல் ஆங்கில எழுத்துமுறை மாறியது. பெகு பகோ ஆனது, மோல்மேன் மாவ்லமைன் ஆனது, சிரியம் தன்லின் ஆனது, சால்வின் தன்ல்வின் ஆனது. பழைய தாளில் பழைய எழுத்தில்தான் தேட வேண்டும். சிற்றூர்ப் பெயர்கள் இன்னும் குழப்பம். வாய்விட்டுப் படித்து ஒலியை வைத்துத் தேடுவதே வழி. இரண்டாவது, ஒரே பெயரில் பல ஊர்கள். ஒரு மாவட்டத்துக்குள்ளேயே நாலைந்து இருக்கலாம், பக்கத்து ஓடையின் பெயரையும் சேர்த்துப் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள். ‘கலா’ என்று தொடங்கும் ஊர்ப்பெயர்களும் கண்ணில் படும். இந்தியர் குடியிருந்த இடம் என்பதற்கு அது ஒரு தடயம். அவர்கள் தமிழராகவும் இருக்கலாம், வங்காளிகளாகவும் தெலுங்கராகவும் இருக்கலாம். அந்தச் சொல் இன்று வசவாகவும் ஒலிக்கிறது, அதனால் அந்தப் பெயர்களை இங்குள்ளவர்களிடம் விசாரிக்கும்போது பார்த்துப் பேசுங்கள்.

அடுத்து ஆண்டு. படத்தின் கீழே அச்சான ஆண்டு பளிச்சென்று இருக்கும். அதை நம்பி ஏமாறுகிறவர்கள் பலர். இரண்டாம் உலகப் போரின்போது படைகளின் தேவைக்காக இந்தத் தாள்கள் அவசரமாக மறுபடி அச்சாகின. அச்சு 1943 என்று இருக்கும், உள்ளே உள்ள அளவை இருபது முப்பது ஆண்டு பழையதாக இருக்கலாம். ஓரத்தில் சின்னதாக அளவை நடந்த பருவம் குறித்திருக்கும். சில தாள்களில் எந்தப் பகுதி எந்த ஆண்டு அளக்கப்பட்டது என்று ஒரு சின்னக் கட்டப்படமே இருக்கும். அந்த ஆண்டுதான் உங்களுக்குத் தேவை. ஒரு குடும்பம் 1925இல் குடியேறிய ஊரை 1912இல் அளந்த படத்தில் காணோம் என்றால், ஊர் பொய்யில்லை. போர்க்காலத் தாள்களில் ஒரு வசதி உண்டு. மேலே சதுரக் கட்டங்கள் அச்சிட்டிருப்பார்கள், கட்டத்தின் பக்கம் 1,000 கஜம். அப்படி ஒரு கட்டம் ஏறக்குறைய 207 ஏக்கர். பரப்பைக் குத்துமதிப்பாகச் சொல்ல இதைவிட எளிய வழி இல்லை.

பழைய தாளை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துப் பார்க்க இப்போது நிறையப் பேர் முயல்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் ஓரத்தில் உள்ள அட்ச, நெடுங்கோட்டு எண்களை அப்படியே இன்றைய ஜிபிஎஸ்ஸில் போட்டால் சில நூறு மீட்டர் தள்ளி விழும். பூமியின் வடிவத்துக்கு அன்று எடுத்துக்கொண்ட கணக்கு வேறு, எவரெஸ்ட் 1830 என்று பெயர். இன்று ஜிபிஎஸ் பயன்படுத்துவது வேறு. அந்தச் சில நூறு மீட்டரில் நீங்கள் ஓடையின் எதிர்க்கரையில் போய் நிற்பீர்கள். எனவே இரண்டு படத்திலும் மாறாமல் இருக்கும் புள்ளிகளைப் பிடித்துப் பொருத்துங்கள். குன்றின் மேலுள்ள பகோடா, ரயில் பாதையின் வளைவு, கால்வாய் ஆற்றில் சேரும் முனை. ஆற்றங்கரையை மட்டும் அடையாளமாக வைக்கவே கூடாது. சிட்டாங் ஆற்றின் வாய்ப் பகுதியில் கரை இடிந்து ஊர்களும் வயல்களும் ஆற்றோடு போயிருக்கின்றன, வேறோர் இடத்தில் புதுத் தரை எழும்பியிருக்கிறது. அங்கே பழைய படத்தில் இருக்கும் ஊரின் மேல் இன்று தண்ணீர் ஓடலாம்.

கடைசியாக, இந்தப் படம் சொல்லாத ஒன்று. நிலம் யாருடையது என்று இது சொல்லாது. அதற்கு வேறு படம், குவின் படம். குவின் என்றால் வயல் தொகுதி. வருவாய்த் துறை நில வரிக்காக ஒரு மைலுக்கு 16 அங்குலம் என்ற பெரிய அளவில் அதை வரைந்தது. அந்த அளவில் ஒரு சதுர அங்குலம் இரண்டரை ஏக்கர், எனவே ஒவ்வொரு வயலும் எண்ணோடு தெரியும். உரிமை அந்தப் படத்தோடு சேர்ந்த பதிவேட்டில் இருந்தது. அந்தப் பதிவேடுகளிலும் உழுதவர் பெயரும் உடையவர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 1930இல் கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 6 சதவீத நிலம்தான் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்துவந்த செட்டியார்கள் கையில் இருந்தது. நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல் போனதில் 1938க்குள் அது 25 சதவீதம் ஆனது. 1948லும் 1953லும் வந்த சட்டங்கள் நிலத்தை நாட்டுடைமையாக்கின. இன்று இங்கே விவசாயி கையில் இருப்பது 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி தரும் ஏழாம் எண் படிவம், பயிர் செய்யும் உரிமைக்கான சான்று. ஆகவே பழைய டோப்போ மேப்பைப் பட்டா என்று நினைத்து யாரும் கிளம்ப வேண்டாம். இன்று அங்கே உழுகிறவர்களுக்கு அது வீண் கலக்கத்தைத்தான் தரும்.

எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். ஓரங்குலத் தாள்களின் பெரிய தொகுப்பு லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. முதல் பார்வைக்கு அமெரிக்கப் படையின் வரைபடப் பிரிவு வெளியிட்ட 1:2,50,000 தாள்கள் போதும். டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் அவற்றைக் கணினியில் இலவசமாக வைத்திருக்கிறது. அந்தச் சிறு அளவுப் படத்தில் ஆறும் ரயிலும் பெரிய ஊர்களும் பிடிபட்ட பிறகு ஓரங்குலத் தாளுக்கு வாருங்கள்.

தாளை அச்செடுத்து வீட்டுப் பெரியவர்களிடம் காட்டும்போது ‘நம்ம ஊர் எது’ என்று கேட்காதீர்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்ததும் தெரியாது என்று சொல்லிவிடுவார்கள். வீட்டு வாசலில் நின்றால் ஆறு எந்தக் கைப்பக்கம், மலை தெரியுமா, ரயில் சத்தம் கேட்குமா, சந்தைக்கு நடந்தா படகிலா, வெள்ளம் எந்தத் திசையிலிருந்து ஏறும், இப்படிக் கேளுங்கள். அப்புறம் ஒவ்வொரு பதிலையும் தாளில் பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள். எண்பது தாண்டியவர்கள் நம்மிடையே குறைந்துகொண்டே வருகிறார்கள், அதனால் தாள் கிடைக்கும் வரை காத்திருக்காமல் கேள்விகளை இன்றைக்கே கேட்டு எழுதி வைத்துவிடுங்கள்.